வெல்வெட் துணியில் கணக்கு

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுங்களா. அவ்வளவு தள்ளி உட்கார்ந்தால் நான் கத்த வேண்டியிருக்கும். இது கத்திச் சொல்கிற கதை இல்லை. ஒரு தையல்காரி, அவள் மகள், ஒரு திரைச்சீலை, அவ்வளவுதான். நடுவில் மனசு கனத்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தையல்காரிக்கு வீடுதான் கடை. மூன்றாம் மாடியில் இரண்டு அறை, முன்னறை ஜன்னலோரம் தையல் மெஷின். புருஷன் பஸ் ஓட்டுகிறவன். ஒன்பது வயது மகளுக்கு வீட்டில் வாலு என்று பேர். ஒரு இடத்தில் இருந்தால்தானே.

பள்ளிக்கூடத்தில் அந்த வாலு சுருண்டுபோனது. கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் பாதியில் நின்றுவிடுவாள். நடந்தால் பெஞ்சில் இடித்துக்கொள்வாள். டீச்சர் கவனம் போதாது என்றாள். கூடப் படிக்கிறதுகள் ஆமை என்றன. பிள்ளை பயத்தில்தான் தடுமாறுகிறாள் என்று தாய் முடிவுகட்டினாள். "இனி நானே சொல்லித்தர்றேன், போதும்" என்று வீட்டோடு வைத்துக்கொண்டாள்.

பாடத் திட்டத்தை அவள் போட்ட விதம் இருக்கிறதே, தையல்காரிக்கு மட்டுமே தோன்றும். பழைய திரைச்சீலை ஒன்றைச் சுவரில் மாட்டினாள். பாடத்துக்கு ஒரு வெட்டுத் துணி: வெல்வெட்டில் கணக்கு, பருத்தியில் வாசிப்பு, கம்பளித் துண்டில் படம் வரைதல், வழுவழு சாட்டினில் விளையாட்டு. மேலே பேர் எழுதி, ஊசியால் குத்திவைத்தாள். மணிக் கணக்கு கிடையாது. பிள்ளைக்கு மனசில்லையா, கணக்கைக் கழற்றிக் கீழே குத்து. காலையில் எழுந்ததும் வாலு திரைச்சீலையைத் தடவிப் பார்த்து, தனக்கு வேண்டியதைக் கழற்றி எடுத்து வருவாள். கணக்கு வாய்க்கணக்குத்தான்; வாசிப்பு என்றால் தாய் வாசிப்பாள், மகள் கேட்டு ஒப்பிப்பாள்.

இதெல்லாம் நல்லதுதான். கூடவே ஒரு சட்டமும் வைத்தாளே, அங்கேதான் வந்தது வினை. துணி தைக்கக் கொடுக்க வந்த ஒருத்தி, வீட்டில் நல்ல சொல்லே புழங்கினால் பிள்ளைக்குத் தைரியம் வரும் என்றாள். தையல்காரி அதைப் பிடித்துக்கொண்டாள். 'முடியாது', 'தெரியல', 'வலிக்குது', இந்த மூன்றும் அந்த வீட்டில் பேசக் கூடாது. எதையும் நல்லபடியாகத் திருப்பித்தான் சொல்ல வேண்டும்.

"அப்ப பஸ்ஸுல பிரேக் பிடிக்கலன்னா நான் என்னன்னு சொல்றது?" என்று கேட்டான் புருஷன். "வண்டி ஜோரா போகுதுன்னா?"

"உங்களுக்கு எல்லாமே கிண்டல். பிள்ளை முகத்தைப் பாருங்க, எப்படித் தெளிஞ்சிருக்கு."

முதல் வாரமே வாலு வந்து, "அம்மா, தலை வலிக்குது" என்றாள்.

"அப்படிச் சொல்லக் கூடாதுல்ல? தலை நல்லாயிடும்னு சொல்லு."

"தலை நல்லாயிடும்."

"என் தங்கம்."

அதற்கப்புறம் ஏழு மாதம், பாதி நாள் வாலு தானாகவே, "தலை நல்லாயிடும்மா" என்பாள். தாய்க்குப் பூரிப்பு. அன்றன்று ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் புருஷனிடம் சொல்லிச் சொல்லி மகிழ்வாள். முன்னெல்லாம் ஊசிக்கு நூல் கோத்துத் தருவது மகள் வேலை. இப்போது, "நீயே கோத்துக்கோம்மா, நீதான் சூப்பரா கோப்ப" என்று நழுவினாள். தாய் சிரித்தாள்.

ஒரு நாள் சட்டைக் கழுத்துப்பட்டிக்கு வெல்வெட் பற்றவில்லை. திரைச்சீலையில் இருந்த வெல்வெட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் நீலப் பருத்தியைக் குத்தி, 'கணக்கு' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள்.

மறுநாள் காலை வாலு தடவினாள், அந்த நீலப் பருத்தியை எடுத்தாள், வந்தாள். "இன்னிக்கு வாசிப்பு."

"அட கள்ளி. கணக்குல இருந்து தப்பிக்கப் பார்க்கிறியா? என்ன எழுதியிருக்கு, படி."

வாலு துணியை மூக்கருகே கொண்டுபோனாள். தலையை மெல்ல நகர்த்தினாள், சாவித் துவாரத்தில் எட்டிப் பார்க்கிறவளைப் போல. "க..." நகர்த்தினாள். "ண..."

மெஷின் நின்றது.

"பாப்பா, உனக்கு எழுத்துத் தெரியலயா?"

பிள்ளை துணியை மடித்தாள், பிரித்தாள். சட்டம் நினைவுக்கு வந்துவிட்டது. "நல்லாத் தெரியப்போகுதும்மா," என்றாள்.

கண் ஆஸ்பத்திரியில் அரை நாள் சோதித்தார்கள். கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறி, உள் நரம்பு நைந்துவிட்டது என்றார் டாக்டர். ஒரு கண் போனது போனதுதான். இன்னொன்றில் நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம். சொட்டு மருந்தும் ஆபரேஷனும் அந்த மிச்சத்தைக் காப்பாற்றலாம். போனதைத் திருப்பித் தராது.

"தலைவலின்னு சொன்னதே இல்லையா? அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா நிறையக் காப்பாத்தியிருக்கலாமே."

"ஒரே ஒரு தடவைதான் டாக்டர். அப்புறம் வலின்னு சொன்னதே இல்ல."

நாற்காலியில் கால் ஆட்டிக்கொண்டிருந்த வாலு நிமிர்ந்தாள். "சொன்னேனேம்மா. தலை நல்லாயிடும்னு எத்தனை தடவை சொன்னேன். வலிக்கிறப்பதானே அதைச் சொல்லணும்?"

அந்தத் தாய் அழவில்லை, கண்ணுங்களா. பிள்ளையின் செருப்பு வாரை மூன்று தடவை கழற்றி மாட்டினாளாம், புருஷன் பிற்பாடு சொன்னான்.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய மறுநாள், திரைச்சீலையில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சாக்குத் துண்டு இருந்தது. வாலு தடவினாள். "சொரசொரன்னு இருக்கு. இது என்ன பாடம்?"

"வலி. இனிமே இதுதான் முதல் பாடம். எது வலிக்குதோ, எது முடியலயோ, அப்படியே சொல்லணும். இதை மட்டும் கீழே குத்தக் கூடாது."

"திருப்பிச் சொல்ல வேணாமா?"

"வேணாம்டா."

வாலு யோசித்தாள். "உன் முகம் தெரியுது. பக்கத்துல எதுவும் தெரியலம்மா. அப்பா வேலைக்குப் போயிட்டாரா?"

அவள் தோளுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான் அவன், சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் கைக்குள் இறுக்கிக்கொண்டு.

"இங்கதான் இருக்கேன்டி வாலு," என்றான். "என்னாலயும் முடியல."

அவ்வளவுதான் கதை. கையை விடுங்கள், போய் முகம் கழுவிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வலித்தால் வலிக்கிறது என்றே சொல்லட்டும். கையில் உள்ள வேலையை நிறுத்திவிட்டுக் கேட்க, அந்த வீட்டில் எப்போதும் ஒரு ஆள் இருக்கட்டும். நல்லா இருங்க, எல்லாரும்.