உப்புக்குளத்தின் சிவப்பு விளக்கு

நவம்பர் கடைசியில், சூரியநெல்லிக்கு மேலே இருக்கும் ஜோமோன் சாரின் பங்களாவில் பத்து மூட்டை உப்பு வந்து இறங்கியது. பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்துப் பெண்கள் வேலியோரம் நின்று, இத்தனை உப்புக்கு எத்தனை மாங்காய் வேணும் என்று கேட்டுச் சிரித்தார்கள். இன்பமேரியும் சேர்ந்து சிரித்தாள். அந்த பங்களாவின் நீச்சல் குளத்தை ஆறு வருஷமாகப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். குளோரின் பொடியை வாளியில் கரைத்து ஊற்றி ஊற்றி விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. சாயம் போகாத சேலை என்று அவளிடம் ஒன்றுகூடக் கிடையாது. அந்தப் பொடியிலிருந்து விடுதலை என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

பாவம், அப்போது அவளுக்கு வீட்டு ஞாபகம் வரவில்லை. குளத்துக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறை அவுட்ஹவுஸ்தான் அவள் வீடு. குளத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காகக் கொடுத்த வீடு. புருஷன் சூசையப்பன் எஸ்டேட்டில் நிழல் மரம் வெட்டும்போது விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். அவனைப் பார்த்துக்கொள்ள அவளும் வேலையை விட்டாள்; இரண்டு பேர் பெயரும் எஸ்டேட் ரிஜிஸ்டரிலிருந்து போன அன்றே லயத்து வீட்டுச் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். இந்த அவுட்ஹவுஸை விட்டால் கம்பை ஊன்றி நடக்கிற மனுஷனோடு அவள் போய் நிற்பதற்கு இந்த மலையில் ஓரிடம் இல்லை.

லீவுக்குக் குடும்பத்தோடு வந்துபோகிற சாருடைய ஆறு வயது மகளுக்குக் குளோரின் தண்ணீரில் இறங்கினால் உடம்பெல்லாம் அரிக்கும். அதற்காகத்தான் இந்த மாற்றம். கொச்சியிலிருந்து வந்த மெக்கானிக் ஜிபி, பம்பு ரூமில் டிபன் கேரியர் அளவுக்கு ஒரு மிஷினைப் பொருத்தினான். உப்பைக் குளத்தில் கொட்டிக் கரைத்தான். உப்பிலிருந்து வேண்டிய அளவு குளோரினை மிஷினே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடும், அது உடம்பை அரிக்காது, விழுகிற இலையை அள்ளினால் போதும் என்றான். பச்சை விளக்கு எரிந்தால் மிஷின் வேலை செய்கிறது, சிவப்பு எரிந்தால் எனக்குப் போன் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியேறினான். மிச்சமிருந்த பொடி டிரம்மைத் தூக்கிப் போடச் சொன்னார் சார். ஏழை வீட்டில் எதைத்தான் தூக்கிப் போடுகிறார்கள்? இன்பமேரி அதை விறகுக் கொட்டகையில் தள்ளிவைத்தாள்.

டிசம்பர் பிறந்து பனி இறங்கியது. புல்லெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்த ஒரு காலையில் பம்பு ரூமைத் திறந்தாள். சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

குளத்துத் தண்ணீரைச் சின்னக் குழாயில் பிடித்து, சோதனை மருந்து இரண்டு சொட்டு விட்டாள். குளோரின் இருந்தால் மஞ்சளாகும். எத்தனை நேரம் ஆட்டியும் வெறும் தண்ணீராகவே இருந்தது. தண்ணீர் ரொம்பக் குளிர்ந்துவிட்டால் அந்த மிஷின் தானாகவே நின்றுவிடும். அது இன்பமேரிக்குத் தெரியாது. ஜிபிக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொச்சியில் தண்ணீர் எந்தக் காலத்தில் குளிர்ந்தது, அவனுக்கு அது ஞாபகம் வர?

போன் பண்ணலாமா என்று புருஷனிடம் கேட்டாள். சூசையப்பன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"எஸ்டேட்ல மருந்தடிக்கிற பம்பு உடைஞ்சிருக்குன்னு போய்ச் சொன்னேன் பாரு, அது மறந்துபோச்சா ஒனக்கு? நேத்துவரைக்கும் நல்லாருந்தது ஒன் கையில எப்படிலே உடைஞ்சதுன்னு சூப்ரவைசர் கேட்டாரு. பேசாம இருந்துட்டு வேலையப் பாரு இன்பம்."

அவளுக்கு மறக்கவில்லை. எஸ்டேட்டில் பழுதை முதலில் பார்த்தவன் தலையில்தான் பழுது விடியும். அதனால் லயத்து ஜனங்கள் எதையும் மேலே சொல்வதில்லை. கம்பியோ கயிறோ வைத்துக் கட்டி, நாளைத் தள்ளுவார்கள். தேயிலைக் கொழுந்து கிள்ளக் கற்றுக்கொள்ளும் முன்பே கற்றுக்கொள்கிற பாடம் அது. இன்பமேரி கொட்டகைக்குப் போய் டிரம்மைத் திறந்தாள்.

அன்றிலிருந்து தினம் சாயங்காலம் யாரும் பார்க்காமல் பொடியைக் கரைத்து ஊற்றினாள். குளிர்த் தண்ணீருக்கு முன்பு போட்டதில் பாதி போதும் என்று அவள் மூக்கே சொல்லிவிட்டது. குளம் கண்ணாடியாகக் கிடந்தது. கிறிஸ்துமஸுக்கு வந்த சாரின் மகள் உச்சி வெயிலில் பத்து நிமிஷம் இறங்கி, பல் தந்தியடிக்க ஏறினாள். அரிப்பு இல்லை. சார் பூரித்துப்போனார். மிஷினைப் பற்றி அவர் நண்பர்களுக்கெல்லாம் போனில் சொல்வதை இன்பமேரி பாத்திரம் கழுவியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். தன் வேலைக்கு வந்த பாராட்டு அடுத்த வீட்டுக்காரிக்குப் போவதுபோல் இருந்தது. பாத்திரத்தை அழுத்தித் தேய்த்தாள்.

ஜனவரி போனது, பிப்ரவரி போனது. தினம் அந்தச் சிவப்பைப் பார்த்து அலுத்து, பம்பு ரூம் கதவைத் திறப்பதையே விட்டுவிட்டாள். பம்பு தானாக ஓடித் தானாக நிற்கும். அங்கே போய்ப் பார்க்க என்ன இருக்கிறது? மார்ச் முதல் வாரத்தில் சோதனைக் குழாயில் மஞ்சள் வழக்கத்தைவிட அழுத்தமாக வந்தது. கை தவறி ஒரு பிடி கூடப் போட்டுவிட்டோம் போல என்று நினைத்துக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை ஜோமோன் சார் அவளைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஆறு வருஷத்தில் அவர் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். குளத்தை இப்போது மிஷினே பார்த்துக்கொள்கிறது, மாட்டுப்பட்டிப் பக்கத்திலிருந்து ஜோபி என்கிற ஆள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து பார்த்தால் போதும், அவுட்ஹவுஸை விருந்தாளிகளுக்கான ரூமாக மாற்றப்போகிறேன் என்றார். ஈஸ்டர் கழிந்து ஒழித்துக் கொடுத்தால் போதுமாம். கோபமில்லை, குறை சொல்லவில்லை. நல்ல மனுஷர், நல்லவிதமாகவே சொன்னார். சண்டை போட்டிருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மூன்று மாதம் கையெல்லாம் வெடிக்க வெடிக்க அவள் பார்த்த வேலைதான் அவள் வேண்டாம் என்பதற்குச் சாட்சியாகி நிற்கிறது. விஷயத்தைக் கேட்டு சூசையப்பன் கம்பை ஊன்றி எழுந்து நின்றான். பிறகு, "போய்ச் சொல்லிரு" என்றான். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அவள் கேட்டதே இல்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு போய்ச் சொன்னாள். மிஷின் கிறிஸ்துமஸுக்கு முன்பிருந்தே ஓடவில்லை, சிவப்பு எரிகிறது, குளத்தைக் காப்பாற்றியது நான்தான் என்றாள். சார் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு அவளோடு நடந்தார். அவள்தான் பம்பு ரூம் கதவைத் திறந்தாள்.

பச்சை எரிந்துகொண்டிருந்தது.

ஒரு வாரமாக அடித்த வெயிலில் தண்ணீர் சூடேறியிருந்தது. மிஷின் தன் பாட்டுக்கு எழுந்து வேலையைத் தொடங்கிவிட்டது. இன்பமேரி அந்த விளக்கையே பார்த்தபடி நின்றாள். நேத்துவரைக்கும் நல்லாருந்தது எப்படி உடைஞ்சது என்று கேட்ட சூப்ரவைசரின் குரல்தான் காதில் ஒலித்தது. இன்றைக்கு நன்றாக ஓடுவது நேற்று எப்படிப் பழுதாக இருந்தது என்று இங்கே கேள்வி தலைகீழாக நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"வீட்டுக்கு வேண்டித்தான் இப்படிச் சொல்றீங்கன்னு எனக்கு மனசிலாகும், சேச்சி" என்றார் சார். அவருடைய மலையாளம் கலந்த தமிழில் இரக்கம் இருந்தது.

அவள் அவரைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டுபோய் டிரம்மைக் காட்டினாள். அடியில் ஒரு சாண் பொடிதான் மிச்சம். அதைப் பார்த்ததும் அவர் முகத்திலிருந்த இரக்கம் போய்விட்டது.

"இதக் களையச் சொன்னதல்லே? என் மோள் குளிக்கிற தண்ணியில இத இட்டீங்களா? இட்டதா இல்லையா, அது மட்டும் சொல்லுங்க."

ஆமாம் என்றால், குழந்தைக்கு ஆகாத மருந்தை, போடாதே என்று சொன்ன பிறகும் திருட்டுத்தனமாகப் போட்டவள். இந்த மலையில் எந்த பங்களாவில் போய் வேலை கேட்டாலும் இவருக்குத்தான் முதலில் போன் வரும். இல்லை என்றால், மூன்று மாதமும் குளத்தைப் பார்த்துக்கொண்டது மிஷின். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். அங்கே சாரின் மகள் குளத்துப் படியில் உட்கார்ந்து தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் காலில் ஒரு சின்னத் தடிப்புகூட இல்லை.

"இல்ல சார்" என்றாள். "போடல."

சார் பெருமூச்சு விட்டார். டிரம்மை இன்றைக்கே அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். இன்பமேரி குளத்தோரம் குனிந்து தண்ணீரில் கையை வைத்தாள். டிசம்பர் முழுக்க ஊசியாகக் குத்திய தண்ணீர், குழந்தையைக் குளிப்பாட்ட விளாவி வைத்ததுபோல் இதமாக இருந்தது. அந்தக் குளிருக்குத்தான் மிஷின் படுத்திருந்தது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கையை எடுத்து, சாயம் போன முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை, இனிமேல் குளத்தைப் பார்க்கப்போகிற ஜோபி வந்தான். சாமான்களெல்லாம் ஜீப்பில் ஏறியிருந்தன. சூசையப்பன் முன் சீட்டில் கம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். சூரியநெல்லிக் கடைத்தெருவுக்குப் பின்னால், ஏலக்காய் ஸ்டோர் மாடியில் ஓர் அறை கிடைத்திருந்தது. இடுப்பு உடைந்தவனுக்கு இருபத்திரண்டு படி. வீட்டுச் சாவியை ஜோபியிடம் கொடுக்கும்போது குளத்தையும் காட்டும்படி சார் போனில் சொல்லியிருந்தார். அவள் இலை அள்ளும் வலையைக் காட்டினாள், சோதனை மருந்தைக் காட்டினாள். பம்பு ரூமைத் திறந்து, பச்சை எரிந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம் என்றாள்.

சிவப்பு எரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவன் கேட்டான்.

ஜீப் ஹாரன் அடித்தது. இன்பமேரி வாசலில் ஒரு கால் வைத்தவள் திரும்பி நின்றாள்.

"டிசம்பர்ல எரியும்" என்றாள். "எரிஞ்ச அன்னைக்கே சார்கிட்ட சொல்லிருங்க தம்பி. நீங்களா ஒண்ணும் செஞ்சிராதீங்க."