பதினாறாம் எண் வீட்டுச் சுவர்

ஆல்மா தெருவில் நாற்பத்தாறு வீடுகள். கடைசி வருஷம் குளிருக்குக் கணப்பு எரிந்தது இரண்டில் மட்டும். பதினான்கில் நான், ஒட்டினாற்போல் அடுத்த வீடு பதினாறில் ஆக்னஸ். தெருவையே இடிக்கப்போவதாகச் சொல்லி மற்றவர்களைக் காலி பண்ணவைத்து, ஜன்னல்களில் நகரசபைக்காரர்கள் தகரம் அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். கூரை ஈயத்தைத் திருட்டுப் பயல்கள் உரித்துக்கொண்டு போனார்கள். மழை பெய்தால் எட்டாம் எண் வீட்டு மாடிப்படியில் தண்ணீர் இறங்கி ஓடுவது தெருவிலேயே கேட்கும். தெருக்கோடியில் மில். அது சங்கு ஊதி ஏழு வருஷமாயிற்று. புகைபோக்கி மட்டும் வெட்கமில்லாமல் நின்றுகொண்டிருந்தது.

அந்த மில்லில் எனக்கும் ஆக்னஸுக்கும் முப்பத்தொரு வருஷம் அடுத்தடுத்த தறி. தறிச் சத்தத்தில் கத்தினாலும் காதில் விழாது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. குரலே எழுப்பாமல் ஊர் வம்பு முழுவதும் பேசி முடிப்போம்.

வீட்டில் எங்களுக்கு நடுவே ஒரே ஒரு சுவர். காலையில் எழுந்ததும் கணப்பைக் கிளறுகிற கம்பியை எடுத்து அதில் இரண்டு தட்டுத் தட்டுவேன். அவளும் இரண்டு தட்டுவாள். உயிரோடுதான் இருக்கிறோம் என்று அர்த்தம். மூன்று தட்டினால், இங்கே வா. டீ போட்டாலும் மூன்றுதான், அவள் மகள் மோரீன் பிறக்க வலி எடுத்தபோதும் மூன்றுதான்.

இரண்டு பேரும் கடைசிவரை நகரக்கூடாது என்று பேசி வைத்திருந்தோம். நான்தான் மீறினேன். துணி காயப்போடும்போது அவளிடம் சொன்னேன்.

"கையெழுத்துப் போட்டுட்டேன்டி. குன்னு மேல புதுக் கட்டடம், ஏழாவது மாடி. குழாயைத் திறந்தா சுடுதண்ணி வருதாம்."

"சுடுதண்ணிக்காகவா என்னை விட்டுட்டுப் போற?"

"நீயும் வாயேன். இந்த எலிங்களோட எத்தனை நாள் குடித்தனம் பண்ணுவ?"

"எலி பரவால்ல. கமுக்கமா போய்க் கையெழுத்துப் போடாது."

ஈரத் துணியைக் கூடையில் திரும்பப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலை தட்டினேன். பதில் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. எனக்கு மட்டும் ரோஷம் கிடையாதா? நானும் நிறுத்திவிட்டேன். பால் எடுக்க வரும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பதினொரு நாள் ஓட்டினோம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் டீயைக் கையில் எடுத்தேன். சுவரில் மூன்று தட்டு.

ஆஹா, இறங்கி வந்துவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். இப்போது சொல்லக் கூசுகிறது, ஆனால் சந்தோஷம்தான். பதினொரு நாள் என்னை அலட்சியம் பண்ணினவள், ஒரு பொழுது காத்திருக்கட்டும் என்று பிஸ்கட்டை டீயில் முக்கித் தின்றேன். மறுபடியும் மூன்று. வழக்கமாகத் தட்டுகிற உயரத்தில் இல்லை, தாழ்வாக, தரையோரமாகக் கேட்டது. அது அப்போதே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் ரேடியோவைத்தான் கொஞ்சம் கூட்டி வைத்தேன். ஐந்து மணிக்குமேல் சத்தம் வரவில்லை.

காலையில் பால்காரர் வால்டர் என் கதவைத் தட்டினார்.

"ஐவி, ஆக்னஸ் வீட்டுல புகையே காணோமே. இந்நேரம் கணப்பு மூட்டியிருப்பாளே. நேத்து சத்தம் கித்தம் ஏதாவது கேட்டுச்சா?"

"இல்லையே" என்றேன்.

அவர்தான் கதவை உடைத்தார். கணப்புப் பக்கத்தில் கிடந்தாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது, கையில் கம்பி. நெருப்பு அணைந்து, உடம்பெல்லாம் சில்லிட்டிருந்தது. உயிர் இருந்தது.

ஆஸ்பத்திரியில் நெஞ்சுச் சளி கட்டிக்கொண்டது. பிழைக்க மாட்டாள் என்று சொல்லிவிட்டார்கள். மகள் மோரீன் கவன்ட்ரியிலிருந்து வந்திருந்தாள். நான் போனபோது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"குரலே வரலை சித்தி. உதடு மட்டும் அசையுது. நேத்துலேர்ந்து ஒண்ணையே திருப்பித் திருப்பிச் சொல்றாங்க. நர்ஸுக்கும் புரியலை. உங்களுக்குத்தானே அந்த மில் பேச்சு தெரியும், கொஞ்சம் பாருங்களேன்."

குனிந்தேன். ஆக்னஸ் என்னைப் பார்த்தாள். தறிக்கு அந்தப் பக்கம் நிற்கிறபோது பேசுவதுபோல, ஒவ்வொரு சொல்லாக, அழுத்தம் திருத்தமாகப் பேசினாள்.

'தட்டினேன். உனக்குக் கேட்டுச்சு.'

"என்ன சொல்றாங்க?" என்றாள் மோரீன்.

"டீ வேணுமாம்."

மோரீன் அழுகையோடு சிரித்தாள். "இந்த நிலைமையிலும் டீயா? நல்லவேளை, பக்கத்து வீட்டுல நீங்க இருந்தீங்க சித்தி. அந்தத் தைரியத்துலதான் இவங்களை இத்தனை நாள் தனியா விட்டு வச்சேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ வாங்க ஓடினாள்.

ஆக்னஸ் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தாள். குரல் எழுப்ப வேண்டியதே இல்லை. அந்த வார்டில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

நான் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டேன். மோரீன் டீயோடு வரும்வரை எடுக்கவில்லை.