பச்சை மைக்காரர்

கொல்லிமலைக்கு வாய்விட்டு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்த ஒரே அரசு ஊழியர் ஆரோக்கியசாமியாகத்தான் இருப்பார். மற்றவர்கள் எப்போது கீழே இறங்கலாம் என்று ஆள் பிடித்து அலைகிற இடம் இது. தோட்டக்கலை உதவி அலுவலர். மனைவி தெரசா போன பிறகு, லால்குடி வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வருகிறவர்களின் தொல்லை அவருக்குத் தாங்கவில்லை. தனியாக இருந்தால் நிம்மதி என்று கிளம்பி வந்துவிட்டார். கேட்ட வரம் கிடைத்தது. பகலில் எடப்புளி நாட்டுப் பக்கம் போய் மிளகுக் கொடியையும் குச்சிக்கிழங்கையும் பார்ப்பார். சாயங்காலம் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினால் பேச்சுத்துணைக்கு ஈ காக்கை கிடையாது. சில மாதங்களிலேயே தனிமை கசந்துவிட்டது. ஆனால் கேட்டு வாங்கியதாயிற்றே, யாரிடம் போய்ப் புலம்புவது?

காலை பஸ்ஸில் அவருக்கு ஒரு பேப்பர் வரும். மலையடிவாரத்துக் காரவள்ளியில் டீக்கடையும் பேப்பர் ஏஜென்சியும் சேர்த்து நடத்துகிற கருப்பண்ணன் ஏற்றிவிடுவார். ஒருநாள் அதன் கடைசிப் பக்கத்தில் இருந்த குறுக்கெழுத்துப் புதிரை யாரோ பாதி நிரப்பி வைத்திருந்தார்கள். அதுவும் பச்சை மையில், பெரிய அதிகாரிகள் மாதிரி. நான் காசு கொடுக்கிற பேப்பரில் எவன் கிறுக்கியது என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. தூக்கிப் போடப் போனவரின் கண்ணில் ஒரு குறிப்பு பட்டது. 'கணவனின் சகோதரி.' ஐந்து கட்டத்தில் 'நா', 'த்' என்று இரண்டு எழுத்தோடு நின்றிருந்தது. அதற்குள் பஸ்காரன் ஹாரன் அடித்திருப்பான். தெரசாவுக்கும் தன் அக்காவுக்கும் இருபது வருடம் ஏழாம் பொருத்தமாக இருந்ததைப் பார்த்தவருக்கா அந்தச் சொல் தெரியாது? பேனாவை எடுத்து நாத்தனாரை முடித்து வைத்தார். சின்னதாக ஒரு சந்தோஷம் வந்தது. அப்படி ஒன்று வந்து வெகுநாள் ஆகியிருந்தது.

அதுவரை அவர் புதிர் பக்கமே போனதில்லை. புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு என்பதையே பச்சை மையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். ஒருநாள் அந்த ஆள் ஒரு சொல்லைத் தலைகீழாக எழுதி வைத்திருந்தார். பாவம், குழம்பிவிட்டார் போல என்று ஆரோக்கியசாமி சிரித்தார். பிறகுதான் 'கீழிருந்து மேல்' என்ற தலைப்பு கண்ணில் பட்டது. குழம்பியது யார் என்று தெரிந்ததும் தன்னைப் பார்த்தே இன்னொரு தரம் சிரித்தார்.

பஸ் தாமதமான நாட்களில் பச்சைக் கட்டங்கள் அதிகம் இருக்கும். சமையல், சினிமா, சொந்தபந்தம் எல்லாம் அந்த ஆளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வெளிநாட்டுத் தலைநகரங்களை மட்டும் தொடவே மாட்டார். டோக்கியோவையெல்லாம் தனக்கென்று ஒதுக்கி வைத்தது போல ஆரோக்கியசாமி எழுதுவார். மறுநாள் விடை வந்ததும் யாருக்கு எத்தனை தப்பு என்று பார்ப்பார். "நேத்து கோட்டை விட்டீங்களே ஐயா" என்று பேப்பரைப் பார்த்துப் பேசவும் ஆரம்பித்துவிட்டார். காரவள்ளியில் யாரோ ஓய்வுபெற்ற தமிழாசிரியர், டீ குடிக்க வந்த இடத்தில் எழுதுகிறார் என்பது அவர் முடிவு. மலையில் அவருக்கு இருந்த ஒரே சிநேகிதர் அவர்தான். ஒருதரம் நேரில் பார்த்துக் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும் என்று ஆசை வந்தது. கருப்பண்ணனுக்குப் போன் போட்டார்.

"வணக்கங்க. மலையில தோட்டக்கலை ஆபீஸ்ல இருந்து பேசறேன். என் பேப்பர்ல தினமும் பச்சை மையில எழுதறது யாருங்க?"



"ஐயோ சார், மன்னிச்சுக்குங்க! இனிமேலு ஒரு புள்ளிகூட இருக்காதுங்க."

"இல்லீங்க, நான் திட்டறதுக்காக..."

"பெரிய மனசு பண்ணுங்க சார். கம்ப்ளெயிண்ட் மட்டும் எழுதிராதீங்க. நான் பாத்துக்கறேனுங்க." போன் வைக்கப்பட்டது. திரும்ப அடித்தால் எடுக்கவில்லை.

சர்க்கார் ஆள் போன் போட்டு 'யார் எழுதறது' என்று கேட்டால் அதைப் பாராட்டு என்று நினைக்கக் கடைக்காரனுக்கு என்ன பைத்தியமா? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதையாகிவிட்டது.

மறுநாள் பேப்பர் சுத்தமாக வந்தது. அதற்கடுத்த நாளும். ஆரோக்கியசாமி தனியாகவே உட்கார்ந்து நிரப்பிப் பார்த்தார். முக்கால்வாசி வந்தது. முன்பைவிட நன்றாகவே போட்டார். ஆனால் ஒரு சொல்லும் ருசிக்கவில்லை. பேப்பரை மடக்கி வைத்துவிட்டு, மனம் பொறுக்காமல் அழுதார்.

சனிக்கிழமை அன்றைய பேப்பரையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிக் காரவள்ளியில் இறங்கினார். பெஞ்சில் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கருப்பண்ணன் பதறிப்போய் ஸ்டூலைத் துண்டால் துடைத்துப் போட்டார்.

"இதுக்கோசரம் நேர்லயே வந்துட்டீங்களா சார்? நம்ம கடையில டம்ளர் கழுவற புள்ளதானுங்க. பேப்பர்ல ஊர்ப்பேர் எழுதற பேனாவ எடுத்து இப்படிப் பண்ணியிருக்குது. இன்னொருக்கா தொட்டா வேலைக்கே வர வேண்டாம்னு சொல்லிட்டேனுங்க. ஏ கோகிலவாணி, இங்க வா!"

முப்பது வயதிருக்கும். ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்து தலை குனிந்து நின்றாள். ஆரோக்கியசாமியின் மனதில் இருந்த தமிழாசிரியர் அந்தக் கணமே எழுந்து போய்விட்டார். அதில் அவருக்கு வருத்தமில்லை. ஆனால் அவரிடம் சொல்ல வைத்திருந்த பேச்சும் கூடவே போய்விட்டது. உங்களை விட்டால் எனக்குத் துணை இல்லை என்று ஒரு பெண்ணிடம், டீக்கடையில், நாலு பேர் பார்க்க எப்படிச் சொல்வது?

"தப்புங்க சார். பஸ் வர வரைக்கும் பொழுது போகறதுக்குங்க. இனிமேலு தொட மாட்டேனுங்க" என்றாள் அவள்.

"எழுதட்டுங்க. எனக்கு அது பிடிச்சிருக்கு" என்றார் ஆரோக்கியசாமி, கருப்பண்ணனிடம்.

"சார் கிண்டல் பண்றாரு" என்று கருப்பண்ணன் சிரித்தார். பெஞ்சும் சிரித்தது.

ஆரோக்கியசாமி பேப்பரை விரித்து அவள் பக்கம் நீட்டினார். எல்லாவற்றையும் எழுதிவிட்டு ஒன்றை மட்டும் வேண்டுமென்றே விட்டிருந்தார். "இது ஒண்ணுதாம்மா எனக்கு வரல. 'தாயின் தாய், கொங்கு வழக்கு.' நாலு கட்டம். நீங்க சொல்லுங்க."

அம்மாயி. காரவள்ளியில் பேச்சு வந்த குழந்தைக்கெல்லாம் தெரிந்த சொல். அவள் கட்டத்தைப் பார்த்தாள். உதடு லேசாக அசைந்தது. பிறகு முதலாளியைப் பார்த்தாள்.

"தெரியலீங்க சார்."

"ஒருதரம் யோசிச்சுப் பாரும்மா."

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் டம்ளர் கழுவ உட்கார்ந்துகொண்டாள்.

மலை பஸ் வந்து நின்றது. ஆரோக்கியசாமி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். கருப்பண்ணன் கூடவே ஓடி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் திருப்தி.

"கவலைப்படாமப் போயிட்டு வாங்க சார். இனிமேலு உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காதுங்க."