மேல்மாடிக்காரரின் முட்டி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு முட்டி வலி வந்தால் என்ன பாடு என்பது மற்றவர்களுக்குச் சட்டென்று விளங்காது. "உங்களுக்கென்ன, லிஃப்டுலயே போய் லிஃப்டுலயே வர்ற வேலை" என்று சிரிப்பார்கள். லிஃப்ட் ஒழுங்காக ஓடுகிற கட்டடத்துக்கு அவரை எதற்கு ஐயா கூப்பிடப் போகிறார்கள்? அவர் போகிற இடமெல்லாம் லிஃப்ட் படுத்துக் கிடக்கிற இடம். படியேறித்தான் ஆக வேண்டும். அதுவும் மொட்டை மாடி வரைக்கும். மோட்டார் அறை அங்கேதான் இருக்கும்.

இந்த வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் போவார்கள். ஒருவர் மேலே, மோட்டாரோடும் இரும்புக் கயிறுகளோடும் மல்லுக்கட்ட. இன்னொருவர் கீழே, லிஃப்ட் கூண்டுக்கு அடியில் உள்ள பள்ளத்தில். மேலே நிற்பவர்தான் பெரிய மெக்கானிக். அவர் குரல் கொடுத்தால்தான் கீழே இருப்பவர் ஸ்பேனரைத் தொடலாம். நம் ஆள் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே மேலே போய்விட்டவர். கம்பெனியில் அவரை மேல்மாடிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். "மேல்மாடி காலியா இல்லையான்னு எங்க அக்காவைத்தான் கேக்கணும்" என்று கேலி பேசும் தைரியம் ஒரே ஆளுக்குத்தான் உண்டு. கீழே பள்ளத்தில் நிற்கும் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. இவரே கையைப் பிடித்துக் கூட்டிவந்து வேலையில் சேர்த்துவிட்டவன்.

வலது முட்டியில் வலி எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது. விழவில்லை, அடிபடவில்லை. ஒருநாள் படியிறங்கும்போது உள்ளே யாரோ ஊசியால் குத்தியது போல இருந்தது. அப்புறம் அந்த யாரோ அங்கேயே குடியிருக்க ஆரம்பித்துவிட்டார்.

முதல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "எலும்பு அருமையா இருக்கு" என்று பாராட்டினார். நம் ஆள் பாராட்டை வாங்கிக்கொண்டு நொண்டியபடியே வீட்டுக்கு வந்தார். இரண்டாவது டாக்டர் ஸ்கேன் எடுத்தார். அதிலும் ஒன்றும் இல்லை. அவர் கொடுத்த மாத்திரை வயிற்றை எரித்ததே தவிர முட்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாமவர் ஊசி போட்டார். பக்கத்து வீட்டுக்காரர் வாயு என்றார், எதிர்வீட்டம்மா வயசு என்றார், முடிவெட்டுகிறவர்கூட ஒரு தைலம் சொன்னார். மூன்றாவது டாக்டர் கடைசியில், "மனசுல ஏதாவது கவலை இருக்கா?" என்று கேட்டார்.

"மனசுல கவலைன்னா மனசுதானே சார் வலிக்கணும்? முட்டி எதுக்கு வலிக்குது?" என்றார் மேல்மாடிக்காரர். டாக்டர் அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டார்.

கவலை இல்லாமல் இல்லை. கம்பெனி அலுவலகத்தில் ஒரு ஃபோன் நாற்காலி உண்டு. முதுகு போன பழைய மெக்கானிக் ஒருவர் அதில் உட்கார்ந்து, "ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க மேடம்" என்று நாள் முழுக்கப் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்து அந்த நாற்காலி தனக்குத்தான் என்று நம் ஆளுக்குப் பயம். அதனால் கம்பெனியில் மூச்சு விடவில்லை. மனைவியிடமும், "உன் தம்பிக்குத் தெரியவே கூடாது" என்று கறாராகச் சொல்லிவைத்தார்.

ஆனால் அதே சமயத்தில்தான் மச்சான் ஒரு புது வழக்கம் ஆரம்பித்தான். "மாமா, இன்னைக்கு நான் மேல போறேன். மோட்டார் பக்கம் கத்துக்கணும்ல?" என்று கருவிப்பெட்டியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஏறிவிட்டான். அன்றைக்கு இவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. மறுநாளும் ஏறினான். பிறகு தினமும் அவனே ஏறினான். இவர் பள்ளத்தில் நின்று, மேலேயிருந்து வரும் அவன் குரலுக்காகக் காத்திருந்தார். மானேஜர் வேறு, "உங்க மச்சான் நல்லா தேறிட்டானே!" என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார்.

"நான் கூட்டிவந்து பள்ளத்துல நிக்க வச்சவன், இப்ப எனக்கே குழி பறிக்கிறான்" என்று வீட்டில் பொருமினார்.

"முதல்ல முட்டிக்கு வைத்தியம் பாருங்க. மூளைக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் மனைவி, காய்ந்த துணியை மடித்துக்கொண்டே.

அன்றிலிருந்து மச்சானிடம் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு ஏறிக்கொண்டே இருந்தான். அப்படியே ஏறக்குறைய ஒரு வருஷம் ஓடியது.

மனைவிதான் விசாரித்து ஒரு பிசியோதெரபிஸ்ட்டைக் கண்டுபிடித்தாள். மூன்றாவது மாடி. போனால் லிஃப்டில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. வேறு கம்பெனி லிஃப்ட்தான், ஆனாலும் இவருக்கு மானம் போயிற்று. பின்னாலேயே சாப்பாட்டுப் பையோடு ஒரு அம்மாள் வந்தார். அவர்தான் பிசியோதெரபிஸ்ட். நின்றபடியே இவர் வலியின் கதையைக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க முன்னாடி போங்க, மெதுவா. நான் பின்னாடி வரேன்" என்றார்.

கைப்பிடியைப் பிடித்து ஏறினார். ஒரு திருப்பத்தில் பின்னாலிருந்து, "கொஞ்சம் நில்லுங்க. இதுவரைக்கும் எல்லாரும் உங்களைப் படுக்க வச்சுத்தான் பார்த்தாங்களா? நடக்க விட்டு யாரும் பாக்கலையா?" என்று குரல் வந்தது.

"வலி முட்டியிலதானேம்மா. அதைத்தான் பார்த்தாங்க."

மாடிக்குப் போனதும் அந்த அம்மாள் அவரைப் படுக்க வைத்து, காலை மடக்கி, தொடையை லேசாக உள்பக்கம் திருப்பினார். "அம்மா!" என்று கத்திவிட்டார் மேல்மாடிக்காரர். வலி பளிச்சென்று முட்டியில் அடித்தது. ஆனால் முட்டியை அந்த அம்மாள் தொடவே இல்லை.

"உங்க முட்டியில ஒரு குத்தமும் இல்லைங்க. குத்தம் இடுப்பு மூட்டுல. சிலருக்கு இடுப்பு கெட்டா வலி முட்டியிலதான் தெரியும்."

மேல்மாடிக்காரர் சிரித்துவிட்டார். மூன்றாவது மாடிக் கதவு மூடவில்லை என்று புகார் வரும். போய்ப் பார்த்தால் கதவு நன்றாக இருக்கும், கோளாறு மேலே பேனலில் இருக்கும். கதவு கத்துகிறதே என்று கதவைக் கழற்றாதே என்று மச்சானுக்குத் தலையில் தட்டிச் சொல்லிக்கொடுத்த மனுஷன், தன் கதவை மூன்று டாக்டர்களிடம் கழற்றக் கொடுத்திருக்கிறார்! அதைச் சொன்னதும் அந்த அம்மாளும் சிரித்தார்.

இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்து, அதற்கான டாக்டரும் பார்த்து, ஆமாம் என்றார். தேய்மானம் ஆரம்பம்தான், இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி செய்தால் வேலையிலும் இருக்கலாம். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஃபோன் நாற்காலி கண்ணை விட்டு மறைந்தது. படத்தோடு திரும்பி வந்தவரிடம் பிசியோதெரபிஸ்ட் ஒன்று கேட்டார்.

"தினமும் மாடி மாடியா ஏறியிருந்தா இது இன்னும் மோசமா ஆகியிருக்கும். நல்லவேளை. லீவுல இருந்தீங்களா?"

"இல்லம்மா, தினமும் வேலைக்குப் போனேன்."

"அப்ப படி?"

"மச்சான் ஏறுனான்" என்றார் அவர்.

சாதாரணமாகத்தான் சொன்னார். சொன்னபிறகுதான் அது அவருக்கே உறைத்தது. கூலி கேட்காமல், பேர் கேட்காமல், இவர் தூக்கி வைத்த மூஞ்சியையும் பார்த்துக்கொண்டு, ஒருத்தன் இவர் இடுப்பை அல்லவா காப்பாற்றியிருக்கிறான்! அந்த அம்மாள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, நேராக மச்சான் வேலை செய்யும் கட்டடத்துக்குப் போனார்.

கீழே பள்ளத்தில் அன்றைக்கு இவருக்குப் பதிலாக வேறொருவர். திறந்திருந்த லிஃப்ட் கதவோரம் நின்று மேலே பார்த்துக் கூப்பிட்டார். "மச்சான்! இறங்கி வா!"

பதறிப்போய் இறங்கி வந்தான். சுவரைத் தடவிக்கொண்டு வந்தான். முகம் வெளிறி, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"என்னடா, காய்ச்சலா?"

"ஒண்ணுமில்ல மாமா. முகம் கழுவிட்டுத்தான் எப்பவும் வருவேன். நீங்க திடீர்னு கூப்பிட்டுட்டீங்க." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மோட்டார் ரூம் தரையில கயிறு இறங்குற ஓட்டை வழியா அடிவரைக்கும் தெரியுமில்ல? அதைப் பார்த்தாலே எனக்குத் தலை சுத்தும். அதனாலதான் இத்தனை வருஷமும் பள்ளத்துலயே கிடந்தேன்."

"அடப்பாவி! அப்புறம் எதுக்குடா தினமும் ஏறுன?"

"நீங்க படியில பக்கவாட்டா இறங்குனதைப் பார்த்தேன். கேட்டா ஒத்துக்கவா போறீங்க? ஆபீஸ்ல தெரிஞ்சா உங்களை ஃபோன்ல உட்கார வச்சிருவாங்க. அப்புறம் மேலேருந்து எனக்கு யாரு மாமா குரல் கொடுப்பா?"

மேல்மாடிக்காரர், தான் அவனைப் பற்றி நினைத்ததை எல்லாம் சொல்லிவிட்டார், ஒன்று விடாமல். மச்சான் கேட்டுவிட்டு, "அதெல்லாம் அக்கா அப்பவே சொல்லிட்டா" என்றான்.

"நீ நல்லா இருக்கணும்டா" என்றார். "மேல வேலை முடிஞ்சுதா?"

"பிரேக் மட்டும் பாக்கி."

"மெதுவா ஏறினா ஏறலாம்னு சொல்லியிருக்காங்க. வா. படியில நீ என்னைப் பிடிச்சுக்க. ஓட்டைப் பக்கம் நான் நிக்கிறேன்."