பத்து இருபதுக்கு அறுந்த லைன்

திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்கு முதல் தடவை லைன் அறுந்தது. செவ்வாய்க்கிழமையும் அதே பத்து இருபது, ஒரு நிமிடம் முன்னே பின்னே இருக்கலாம். எனக்குக் கொடுத்திருந்தது மூன்று நாள் சோதனை. மூன்று தடவை லைன் அறுந்தால் வேலை கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இரண்டு போய்விட்டது. புதன்கிழமை நான்கு மணி நேரம் அறுபடாமல் தாங்கினால் தப்பித்தேன்.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. நாலு ஊரில் கிளை வைத்திருக்கும் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு வீட்டிலிருந்தே போன் எடுக்க வேண்டும். யார் எந்த நாள், எத்தனை மணிக்கு வரலாம் என்று குறித்துக்கொடுக்க வேண்டும். காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை. லேப்டாப்பை அவர்களே அனுப்பிவிட்டார்கள், நெட் மட்டும் என் பொறுப்பு. போனிலிருந்து நெட் எடுத்துப் பேசினால் குரல் உடைகிறது என்றார்கள். அதனால் சிம் போடுகிற ரவுட்டர் ஒன்று வாங்கினேன். எங்கள் வீட்டில் டவர் கிடைப்பதே முன்னறை ஜன்னலோரம்தான். அங்கே, நான் ஒட்டி முடிக்காத வெடிப்பெட்டி அட்டைக் கட்டுகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அதன் உச்சியில் ரவுட்டரை வைத்துவிட்டு, உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

இந்த வேலை நிலைத்தால் என் வீட்டுக்காரர் மருந்து ரூமுக்குப் போக வேண்டாம். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அவர் பெயர் முனியராஜ். பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவர். விடியக்காலம் ஐந்தரைக்குக் கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் கலவையை முடித்துவிட்டுப் பத்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். மாசி மாதம் அவர் கூடக் கலந்துகொண்டிருந்த அய்யாதுரை அண்ணன் கலவை வெடித்துப் போய்ச்சேர்ந்தார். இவர் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்ததால் பிழைத்தார். ஒன்றரை மாதம் கம்பெனியை மூடி வைத்தார்கள், பிறகு திறந்தார்கள். இவரும் மறுபடி போனார். போகாமல் என்ன செய்வது? அன்றிலிருந்து அவர் வண்டி திரும்பி வரும் சத்தம் கேட்கும்வரை என் காது தெருவிலேயே இருக்கும்.

"எனக்கு வேலை கெடைச்சிருச்சு, அடுத்த மாசத்தோட நீங்க நின்னுக்கோங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டேன். தலையை ஆட்டினார். சோதனை, மூன்று தடவை என்பதையெல்லாம் சொல்லவில்லை. ஆசை காட்டிவிட்டுக் கடைசியில் இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அந்த ஒரு காரியத்தை ஒழுங்காகச் சொல்லியிருந்தால் இத்தனை கூத்தும் நடந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை லைன் அறுந்ததும், நான் எழுந்து போய்ப் பார்ப்பதற்குள் என் வேலையை மேற்பார்க்கிற பிரீத்திகா மேடம் போனில் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னப் பெண்.

"இசைவாணி, இது ரெண்டாவது. இன்னும் ஒண்ணு ஆச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"டவர் சரியில்ல மேடம்."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

வந்ததே கோபம் எனக்கு. அவர் மேல் காட்ட முடியுமா? ஒரு மணி அடித்ததும் சிம் கம்பெனிக்காரனுக்கு அடித்தேன். ஒன்றை அமுக்கு, மூன்றை அமுக்கு என்று அரைமணி நேரம் பாட்டுப் போட்டுவிட்டு, உங்கள் பகுதியில் டவர் நன்றாகத்தானே இருக்கிறது என்றான். அட கருமமே! சிம்மைக் கழற்றி முந்தானையில் துடைக்கப் போனேன். அதற்குள் எதற்கும் கேட்டுக்கொள்வோம் என்று செய்யது அபுதாஹிரைக் கூப்பிட்டேன். சாத்தூர் பஜாரில் மொபைல் கடை வைத்திருப்பவர், எனக்கு ரவுட்டரை விற்றதும் அவர்தான்.

"பாய், நீங்க குடுத்த பெட்டி என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுரும் போல."

"அக்கா, அக்கா, கோவப்படாதீக. கழட்டிராதீக, அப்படியே இருக்கட்டும். லேப்டாப்புல நான் சொல்ற நம்பரப் போடுங்க. பெட்டியோட செட்டிங்ஸ் பக்கம் ஒண்ணு வரும். அதுல ஆன் ஆகி எம்புட்டு நேரம் ஆச்சுன்னு ஒரு வரி இருக்கும், படிங்க."

தேடிக் கண்டுபிடித்தேன். "மூணு மணி பத்து நிமிசம்னு காட்டுது பாய்."

"இப்ப மணி ஒண்ணு முப்பத்தஞ்சு. அப்ப பத்து இருபத்தஞ்சுக்குத்தான் பெட்டி ஆன் ஆயிருக்கு. டவர் போனா பெட்டி அணையாதுக்கா, லைட்டு மட்டும் செவப்பாகும். இது கரண்டு இல்லாம அணைஞ்சு எரிஞ்சிருக்கு."

"கரண்டு போகலையே. ஃபேன் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"அப்ப அடாப்டரு லூசா இருக்கும். வாங்க, வேற மாத்தித் தாறேன்."

பஸ் ஏறிப் போய்ப் புது அடாப்டர் வாங்கி வந்தேன். பிளக்கைச் சுற்றி டேப் ஒட்டினேன். ஒயரை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன், லைட் அணையவே இல்லை. இரவெல்லாம் எழுந்து எழுந்து பார்த்தேன். என்ன செய்கிறாய் என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, "டவர் சரியில்லங்க" என்றேன். "அந்தப் பெட்டி ரொம்பச் சுடுதே" என்றார். "சுடத்தான் செய்யும், படுங்க" என்று திரும்பிப் படுத்தேன்.

புதன்கிழமை நாற்காலியை இழுத்துப் போட்டு, கதவை ஒரு முழம் திறந்து வைத்துக்கொண்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே ரவுட்டரின் மூன்று பச்சை லைட்டும் தெரிந்தன. ஒன்பது மணிக்கு ஆரம்பித்தேன். பல் எடுக்கிறவர், கம்பி போடுகிறவர் என்று வரிசையாகப் போன் வந்தது. வாய் பேசிக்கொண்டிருந்தாலும் கண் அந்த லைட்டிலேயே இருந்தது. பத்து மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டது. வந்துவிட்டார் என்று ஒரு மூச்சு விட்டேன். கொல்லையில் அவர் தண்ணீர் ஊற்றிக் குளிக்கும் சத்தம் கேட்டது. குளித்துவிட்டுப் படுத்துத் தூங்கிவிடுவார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

பத்து பதினெட்டு. காரியாபட்டியிலிருந்து ஒரு பெரியவர் லைனில் இருந்தார். கன்னம் வீங்கியிருக்கும் போல, பாதி வார்த்தை வாயிலேயே நின்றது.

"கடவாப்பல்லும்மா... ரெண்டு நாளா சோறு எறங்கல..."

"சொல்லுங்க ஐயா, எந்தப் பக்கம்?"

அப்போதுதான் முன்னறைக்கு என் வீட்டுக்காரர் வந்தார். ஈரத்தலை, தோளில் துண்டு. நேராக ஜன்னலோரம் போய், புறங்கையை ரவுட்டர் மேல் வைத்துப் பார்த்தார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் வைத்தார். கையை எடுத்தார். அடியில் இருந்த அட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு கையைச் சுவிட்சுக்குக் கொண்டுபோனார்.

காதில் மாட்டியிருந்த ஹெட்செட் ஒயர் எழுந்திரிக்க விடாது. கத்தினால் பெரியவர் காதில் விழும், மேடம் காதிலும் விழும். மேஜையில் இருந்த சில்வர் டம்ளரை எடுத்து வீசினேன். கதவில் பட்டு உருண்டது. அவர் துள்ளித் திரும்பினார். என் குரல் லைனில் போகாமல் இருக்கப் பட்டனை அமுக்கினேன்.

"கைய எடுங்க! சுவிட்சுலருந்து கைய எடுங்க!"

"கொதிக்குது இசை. அடியில அம்புட்டும் அட்டை."

"திங்கக்கெழமையும் நீங்கதானா? நேத்தும் நீங்கதானா?"

"அஞ்சு நிமிசம் ஆற விட்டுட்டுத் திரும்பப் போட்டுருவேன். அதுக்கு என்னவாம்?"

அவர் எந்தக் குற்றமும் தெரியாமல் கேட்டார். அடிக்கலாமா, அழலாமா என்று தெரியவில்லை எனக்கு. காதில் பெரியவர், "அலோ... இருக்கீகளா?" என்றார்.

பட்டனை விட்டேன். "இருக்கேன் ஐயா. எந்த நாளு உங்களுக்கு வசதி?" மறுபடி அமுக்கினேன்.

"கேளுங்க. இன்னொரு தடவ அது நின்னா எனக்கு வேலை இல்ல. எனக்கு வேலை கெடைச்சிருச்சுன்னு சொன்னது பொய். இன்னைக்கு ஒரு மணி வரைக்கும் தாங்கினாத்தான் வேலை. இல்லன்னா நீங்க நாளைக்கும் அங்க போகணும், நாளான்னைக்கும் போகணும்."

அவர் முகம் வெளுத்துப்போனது. கை மட்டும் சுவிட்சை விட்டு நகரவில்லை.

"அன்னைக்கும் சுட்டுச்சு" என்றார். "கலவையில கைய வச்சேன், சூடு தெரிஞ்சுச்சு. அய்யாதுரைகிட்டச் சொன்னேன். லோடு போகணும், இது ஒண்ணுதான மாமா, முடிச்சிருவோம்னான். நான்தான் மூத்தவன். நிறுத்துலேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பான். சொல்லல. தண்ணி குடிக்கப் போயிட்டேன்."

ஏழு மாதத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. போலீசிடமும் சொல்லியிருக்க மாட்டார். யாரிடமும் சொல்லாமல் உள்ளே வைத்துக்கொண்டு தினமும் அதே ரூமுக்குப் போய் வந்திருக்கிறார் பாவி மனுசன்.

"வியாழக்கெழம கெடைக்குமாம்மா?" என்றார் பெரியவர்.

"வியாழக்கிழமை பதினொண்ணரைக்கு இருக்கு ஐயா. போட்டுரட்டுமா?" என் குரல் எப்படி அத்தனை நிதானமாக வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அமுக்கினேன். "ஏங்க. நிறுத்தாதீக. அட்டையிலருந்து எடுத்து இரும்பு ஸ்டூல்ல வைங்க. பிளக்கு கழண்டுராம எடுங்க."

சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். துண்டை மடித்து ரவுட்டரை இரண்டு கையாலும் தூக்கினார். ஸ்டூல் பக்கத்திலேயே இருந்தது, வைக்கவில்லை.

"வைங்க, வச்சுட்டுப் போய்ப் படுங்க."

"வச்சுட்டுப் போக மாட்டேன்" என்றார். "நீ வேலையப் பாரு."

வேலையைப் பார்த்தேன். வேறென்ன செய்ய? அடுத்த போன், அதற்கடுத்த போன். சொத்தைப் பல், ஆடுகிற பல், பல்செட்டு. ஒவ்வொரு தடவை நிமிரும்போதும் அவர் ஜன்னலோரம் அப்படியே நின்றுகொண்டிருந்தார். நடுநடுவே கை மாற்றிப் பிடித்தார், வாயால் ஊதினார். ஒயர் இழுபடாமல் இருக்கக் காலைக்கூட நகர்த்தவில்லை. விடியக்காலம் எழுந்தவர், தூக்கம் இல்லை, ஒரு வாய் காபி இல்லை. பதினொன்றரைக்கு ஒரு லைட் சிவப்பாகிற மாதிரி மினுக்கியது, எனக்கு உயிர் போய் வந்தது. அவர் ஜன்னல் கம்பியோடு ஒட்டிப் பெட்டியை உயர்த்திப் பிடித்தார். பச்சையானது. அந்த உயரத்திலேயே பிடித்துக்கொண்டார்.

பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டரை. கடிகாரம் நகரவே மாட்டேன் என்றது. பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு ஒரு அம்மாள் தன் மகள் கல்யாணத்துக்குள் முன்பல் கட்டியாக வேண்டும் என்று முழுக் கதையும் சொன்னார். கேட்டுக்கொண்டேன். தேதி கொடுத்தேன். லைன் அறுபடாமல் அந்த அம்மாளே போனை வைத்தார்.

ஒரு மணிக்கு பிரீத்திகா மேடம் லைனில் வந்தார். "இன்னைக்கு க்ளீன். நாளைலேருந்து ரெகுலர், ஒன்பது மணிக்கு லாகின் பண்ணுங்க."

நன்றி என்றேனா, சரி என்றேனா, நினைவில்லை. ஹெட்செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு முன்னறைக்கு ஓடினேன். அவர் கண் இரண்டும் சிவந்து, கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது. எப்போதிருந்து அழுதுகொண்டிருந்தார் என்று தெரியவில்லை.

"இப்ப நிறுத்தலாமா?" என்றார்.

"நிறுத்துங்க" என்றேன். "நாளைக்கு விடியக்காலம் நீங்க எந்திரிக்க வேண்டாம்."

சுவிட்சை நிறுத்தினார். லைட் மூன்றும் அணைந்தன. அப்போதும் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. "இன்னும் சூடு இருக்கு" என்றார். அவர் கைக்கு அடியில் என் கையையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன். அது முழுசாக ஆறுவதற்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது.