பின்னால் அடி வைப்பவள்

கப்பல் தேதி மாறிய சேதி வந்தபோது, கருப்பாயி கோலாட்ட ஒத்திகையில் இரண்டு கையிலும் கோலைப் பிடித்துக்கொண்டு கேத்தரினுக்கு எதிரே நின்றிருந்தாள். ஜன்னல் விளிம்பில் கிடந்த கேத்தரினின் கைப்பேசி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவள், "ம்... ம்..." என்று மட்டும் கேட்டுவிட்டு, கோலை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"புதன்கிழமை போக வேண்டிய சென்னைக் கப்பல் ஞாயித்துக்கிழமையே கிளம்புதாம். கடல்ல காத்தழுத்தத் தாழ்வு வருதாம். மத்தியானம் பன்னெண்டு மணிக்கெல்லாம் துறைமுகத்துல ஹாடோ ஜெட்டியில நிக்கணுமாம்."

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம்தான் போர்ட் பிளேரில் கராச்சர்மா பகுதித் தமிழர்களின் பொங்கல் விழா. அன்றைக்குத்தான் இந்த எட்டுப் பெண்களின் கோலாட்டம். இடையில் இருப்பது சனிக்கிழமை ஒன்றுதான்.

போகாதே என்று யாரும் சொல்லவில்லை. கப்பல் தேதி மாறினால் கல்யாணத் தேதியையே மாற்றுகிற ஊர் இது. தவிர, தூத்துக்குடியில் கேத்தரினின் மகள் ஷெர்லினுக்குத் தலைப்பிரசவம். டாக்டர் நாள் குறித்துவிட்டார். அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்குத் தெரியும்?

விஜயலட்சுமிதான் முதலில் பேசினாள். பொதுப்பணித் துறை இன்ஜினியரின் மனைவி. மெயின்லாண்டிலிருந்து வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. கோலாட்டம் சொல்லிக் கொடுப்பதும், பாடித் தாளம் போடுவதும் அவள்தான். முழங்கால் வலி, ஆட முடியாது.

"ரெண்டு நாள்ல புதுசா யாருக்குச் சொல்லித் தர்றது? ஆறு பேரா ஆடிடலாம். மூணு ஜோடி." சொல்லிவிட்டுக் கருப்பாயியைப் பார்த்தாள். "அக்கா, நீங்க என் பக்கத்துல உட்கார்ந்து ஜால்ரா போடுங்க. உங்களுக்கும் சிரமம் இல்ல."

"சரிங்கம்மா" என்றாள் கருப்பாயி.

மூன்று வாரமாக அவள் வேண்டிக்கொண்டிருந்தது இதைத்தான். ஏதாவது நடந்து இந்த ஆட்டம் தன்னைவிட்டுத் தொலைய வேண்டும் என்று. தொலைந்துவிட்டது. ஆனால் கோலைத் திருப்பிக் கொடுக்க நீட்டிய கை, கோலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

*

கருப்பாயிக்கு அறுபத்திரண்டு வயது. ஏழு வயதில் இலங்கையிலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவள். அவர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய இடம் கட்சால் தீவு, அரசாங்க ரப்பர் தோட்டம். பதினாறு வயதில் பால்வெட்டும் கத்தியைக் கையில் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு முந்நூறு மரம். கத்தியைப் பட்டையில் வைத்துத் தன் பக்கமாக இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க, மரத்தைச் சுற்றிப் பின்னாலேயே அடி வைக்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் கத்தி ஆழமாக இறங்கி மரம் காயப்படும். ஆகவே பால்வெட்டுக்காரியின் கால் தானாகப் பின்னால் போகும். வேர் எங்கே, கல் எங்கே என்று குதிகாலுக்கே தெரியும்.

அதுதான் வினையாக முடிந்தது. வெள்ளைச்சாமியைக் கட்டிக்கொண்ட வருடம், மாரியம்மன் கோவில் கும்மியில் அவளையும் இழுத்துவிட்டார்கள். வட்டம் முன்னால் போனது, கருப்பாயியின் கால் பின்னால் போனது. பின்னால் வந்தவளின் காலை மிதித்து, அவள் அடுத்தவள் மேல் சாய்ந்து, மூன்று பேர் மண்ணில் உட்கார்ந்தார்கள்.

"இவள ரப்பர் மரத்தோட ஆட விடுங்கப்பா. அதுதான் விழாது" என்றான் வெள்ளைச்சாமி.

தோட்டக் குடியிருப்பு லயத்து ஜனம் மொத்தமும் சிரித்தது. கருப்பாயியும் சேர்ந்து சிரித்தாள். அந்தப் பேச்சு அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது. எந்தக் கல்யாணத்தில் மேளம் கேட்டாலும் அதை எடுத்துவிடுவான். கெட்ட மனுஷன் இல்லை. கடல் ஊருக்குள் புகுந்த அன்று அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஓடியவன் அவன்தான். அதற்குப் பிறகுதான் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போர்ட் பிளேர் வந்தார்கள். சிப்பிகாட் பண்ணையில் இரண்டு பேரும் கூலி வேலை பார்த்தார்கள். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அவன் அவளைக் கை நீட்டி அடித்ததில்லை. ஆனால் அவளும் அதன்பிறகு ஒரு வட்டத்திலும் நிற்கவில்லை.

அவன் போய் மூன்று வருடம். மகள் உதயா சென்னையில். பண்ணை வேலையும் போன வருடத்தோடு நின்றது. வேலை நின்ற பிறகும் கருப்பாயி காலை ஏழரை மணி பஸ்ஸைப் பிடித்துச் சிப்பிகாட் போனாள். இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாராவது உட்காருவார்கள், அவ்வளவுதான்.

அப்படித் திரும்பிய ஒரு நாள்தான் சமூகக் கூடத்திலிருந்து கோல் சத்தம் கேட்டது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரேதான் கூடம். வராந்தாவில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மறுநாளும் நின்றாள். நாலாம் நாள், வீட்டுக்கு வீடு மீன் கொண்டுவரும் கேத்தரின் உள்ளேயிருந்து அவளைப் பார்த்துவிட்டாள்.

"ஏ அக்கா, என்ன பராக்குப் பார்த்துக்கிட்டு நிக்கீங்க? ஏழு பேர் இருக்கோம். நான் ஒத்தையில நின்னு செவுத்துல அடிச்சுக்கிட்டு இருக்கேன். உள்ள வாங்க."

"எனக்கு ஏலாதும்மா. ஆட்டமெல்லாம் பழக்கமில்ல."

"எனக்கு மட்டும் என்ன, அம்மா வயித்துல இருக்கும்போதே ஆடினேனாக்கும்? சீலா மீன் வெட்டுத கை இது. வாங்க சொல்லுதேன்."

உள்ளே போனாள். பத்தாவது அடியில் கால் பின்னால் போயிற்று. பெண்கள் சிரித்தார்கள். கருப்பாயி கோல்களைக் கீழே வைத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தாள்.

"நில்லுங்கக்கா" என்றாள் விஜயலட்சுமி. அவள் சிரிக்கவில்லை. "திரும்பிப் பார்க்காம எப்படிப் பின்னால போனீங்க?"

கடைசிச் சுற்றில் ஜோடிக்கு ஒருத்தி முன்னால் வர, எதிரே நிற்பவள் முழு வட்டமும் பின்னாலேயே போக வேண்டும். அங்கிருந்த ஒருத்திக்கும் அது வரவில்லை. இரண்டு அடிக்கு ஒரு முறை கழுத்தைத் திருப்பினார்கள், கோல் தவறியது. அன்றிலிருந்து பின்னால் போகும் நாலு பேரில் கருப்பாயி முதல் ஆள். கேத்தரின் அவளுடைய ஜோடி.

சந்தோஷமாக ஆடினாள் என்று சொல்ல முடியாது. கேத்தரினின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, மரத்தை எண்ணுவது போல அடியை எண்ணிக்கொண்டு ஆடினாள். தப்பு வந்தால் கேத்தரின் கண்ணை உருட்டுவாள். அந்த முகம் எதிரே இருக்கும்வரை வெள்ளைச்சாமியின் குரல் கொஞ்சம் தள்ளி நின்றது.

*

சனிக்கிழமை உதயா போன் செய்தாள்.

"விடும்மா. நல்லதாப் போச்சு. இந்த வயசுல கீழ விழுந்து இடுப்பு ஒடஞ்சா அங்க யாரு பாக்குறது?"

"யாருமில்லதான்."

"அதுக்குத்தான் இங்க வந்துருன்னு சொல்றேன்."

"ம்."

"சாப்டியா?"

"ஆச்சு" என்றாள். சோறு இன்னும் பானையிலேயே இருந்தது.

ஞாயிறு காலை ஹாடோ ஜெட்டிக்குப் போனாள். மூட்டை முடிச்சுகளோடு கேத்தரின் வரிசையில் நின்றிருந்தாள். கருவாட்டுப் பொட்டலம் ஒன்று வாசம் அடித்தது.

"ஜால்ரா போடப் போறீகளாமே" என்றாள் கேத்தரின்.

"எதிர்ல ஆளில்லாம என்னா செய்றது?"

"ஏன், நான் என்ன உங்க புருசனா? நான் இல்லன்னா ஆடமாட்டீகளோ?"

"நீ கண்ண உருட்டுவ. அதப் பாத்துத்தான் எனக்குக் கால் நிக்குது."

கேத்தரின் மூட்டையைக் கீழே வைத்தாள். "அக்கா, ஒண்ணு சொல்லுதேன். கோவப்படக் கூடாது. எனக்கு ஒரு அடியும் மண்டையில நிக்கல. மூணு வாரமா நான்தான் உங்க காலைப் பார்த்து ஆடினேன். கண்ண உருட்டுனது உங்களுக்காகன்னு நெனச்சீகளா? அடுத்த அடி மறந்துபோய் முழிச்சது அது."

வரிசை நகர்ந்தது. கேத்தரின் மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். ஒரு தடவை திரும்பிக் கையை ஆட்டினாள். பிறகு ஜனத்துக்குள் எந்தத் தலை அவளுடையது என்று தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு வங்காளிக் கிழவர் உட்கார்ந்தார். கருப்பாயி அவரைக் கவனிக்கவே இல்லை.

*

ஜனவரியில் இங்கே ஐந்தரை மணிக்குள் இருட்டிவிடும். ஆகவே விழாவை மூன்று மணிக்கே தொடங்கிவிட்டார்கள். கூடத்துக்கு முன்னால் மைதானத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரே பச்சை நிறச் சேலையில் ஆறு பெண்கள். ஏழாவதாகக் கருப்பாயியும் அதே சேலையில், மடியில் ஜால்ராவோடு விஜயலட்சுமிக்குப் பக்கத்தில்.

ஒலிபெருக்கியில் கோலாட்டம் என்று அறிவித்தார்கள். கருப்பாயி ஜால்ராவைத் தரையில் வைத்துவிட்டுத் தன் கோல்களை எடுத்தாள்.

"நானும் நிக்கிறேங்கம்மா."

"என்னக்கா இப்ப போய்? எதிர்ல யாரு?"

"ஆள் வேணாம்."

"கோல எங்க அடிப்பீங்க?"

"என் கோலுலயே."

விஜயலட்சுமி கூட்டத்தைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சிரிப்பாங்கக்கா."

"முப்பத்தாறு வருசமா ஒரு ஆள் சிரிச்சாரு. அந்த எடம் காலியாக் கெடக்கு. யாராச்சும் சிரிச்சிட்டுப் போகட்டும்."

விஜயலட்சுமி மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

ஆறு பேர் மூன்று ஜோடியாக நின்றார்கள். கருப்பாயி தன் பழைய இடத்தில், முதல் ஆளாக நின்றாள். எதிரே ஒரு ஆள் அகலத்துக்கு வெறும் புல் தெரிந்தது. பாட்டு ஆரம்பமாயிற்று. மற்றவர்கள் ஜோடியின் கோலில் அடித்தபோது அவள் தன் கோலைத் தானே அடித்துக்கொண்டாள். இரண்டாவது சுற்றிலேயே முன் நாற்காலியிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "அந்தம்மாவுக்கு ஜோடி எங்க, கப்பல் ஏறிருச்சா?" அந்த வரிசை முழுக்கச் சிரித்தது.

அந்தப் பெண் தனக்குத் தெரியாமலே நிஜத்தைச் சொல்லிவிட்டாள். கருப்பாயிக்கும் சிரிப்பு வந்தது. கூடவே காதுக்குள் அந்த மற்றக் குரலும் வந்தது: இவள ரப்பர் மரத்தோட ஆட விடுங்கப்பா.

கடைசிச் சுற்று. பின்னால் போக வேண்டியது. கருப்பாயி அடியை எண்ணத் தொடங்கினாள். நாலு, ஐந்து என்று எண்ணும்போதே எதிரே இருந்த வெற்றிடம் ஒரு மரத்தின் அகலமாக ஆயிற்று. மரம் என்றால் அவளுக்கு என்ன பயம்? கை இழுத்தது, கால் சுற்றி வந்தது. ஒரு நாளைக்கு முந்நூறு தடவை, இருபத்தைந்து வருடம், பார்க்க ஒரு ஆள் இல்லாத தோட்டத்துக்குள் இதைத்தானே செய்துகொண்டிருந்தாள். அதற்குப் பெயர் வேலை என்று நினைத்திருந்தாள். கூலி எழுதுகிறவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

எண்ணிக்கை எங்கேயோ விட்டுப்போயிற்று. விட்டுப்போனது கூட அவளுக்குத் தெரியவில்லை. குதிகால் புல்லைத் தொட்டுத் தொட்டு வழி கண்டுபிடித்தது. தோள் இறங்கியது, இடுப்பு வளைந்தது, கோல் வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில் அடித்தது. எல்லாரும் நின்ற பிறகும் அவள் மட்டும் இன்னும் அரைச் சுற்றுப் போனாள். விஜயலட்சுமி அதைப் பார்த்துவிட்டு, முடிந்த பாட்டின் கடைசி அடியை மறுபடி எடுத்துப் பாடினாள்.

கை தட்டினார்கள். பெரிய கைத்தட்டல் ஒன்றும் இல்லை, எல்லா நிகழ்ச்சிக்கும் தட்டியது போலத்தான். அதற்குள் ஒலிபெருக்கியில் அடுத்து மாறுவேடப் போட்டி என்றார்கள்.

இருட்டுவதற்குள் வீட்டுக்கு நடந்தாள். சொல்ல ஆள் வேண்டும் போல இருந்தது. கேத்தரினைக் கூப்பிட்டாள். கப்பல் கடலுக்குள் போயிருக்க வேண்டும், மணி போகவில்லை. உதயாவின் எண்ணை எடுத்தவள், அழைக்காமலே கைப்பேசியைக் கீழே வைத்தாள். பிறகு பானையைத் திறந்து, நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

*

திங்கட்கிழமை ஏழரை மணிக்குப் பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். எதிரே கூடம் பூட்டிக் கிடந்தது. இனி அடுத்த விழாவுக்குத்தான் திறப்பார்கள். மைதானத்தில் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள், கரும்புச் சக்கைமேல் ஈ மொய்த்தது.

தெருவைக் கடந்து வராந்தாவில் ஏறினாள். ஒரு தூணுக்கு எதிரே நின்று, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பையிலிருந்து கோல்களை எடுத்தாள். பாடத் தெரியாது, ஆகவே பாடவில்லை. முதல் அடியைப் பின்னால் வைத்தாள்.

பஸ் வந்து நின்றது. அவளைத் தினமும் பார்க்கும் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கூப்பிட்டான். "அம்மாஜி, சிப்பிகாட்? சலோ, சலோ."

கருப்பாயி திரும்பிப் பார்க்கவில்லை. கோலைப் பிடித்த கையை உயர்த்தி, போ என்று ஆட்டினாள். அந்த ஆட்டலும் தாளத்தில்தான் விழுந்தது. பஸ் கிளம்பிப் போயிற்று. அவள் தூணைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.