துண்டு கிடக்கும் ஆள்

நிறுவனம் என் மேல் துண்டு போட்டு வைத்திருக்கிறது. பஸ் ஜன்னல் வழியாக சீட்டில் போடுவார்களே, அதே மாதிரி. நீலத் துண்டு, ஓரத்தில் நிறுவனத்தின் சின்னம். இடது தோளில் கிடக்கிறது. வேலை இருந்தால் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட நேரத்துக்கு மட்டும் சம்பளம். போன பொங்கலுக்குப் போட்டது. இன்னும் கூப்பிடவில்லை.

இதில் நன்மை இல்லாமல் இல்லை. மத்தியானம் தூங்கலாம். திட்டுவதற்கு மேனேஜர் கிடையாது. கூட்டத்தில் யாரும் என்னை இடிப்பதில்லை. துண்டைப் பார்த்ததும் விலகிக்கொள்கிறார்கள்.

தீமை, வேறு யாரும் என்னை வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது. இந்த ஊரில் சிக்னலை மதிக்க மாட்டார்கள். துண்டை மதிப்பார்கள்.

அதிக நாள் துண்டு கிடந்தால் ஆள் சீட்டாகிவிடுவதும் உண்டு. அடுத்த வீட்டு சாலமன் அண்ணன் அப்படித்தான் ஆனார். முதலில் முழங்கால் மடங்கி, அப்படியே நின்றுவிட்டது. பிறகு தொடையில் ரெக்சின் வந்தது. இப்போது அவர்கள் வீட்டு ஜன்னலோரம் இருக்கிறார். எஸ்தர் அக்கா வாராவாரம் ஈரத்துணியால் துடைக்கிறாள். துண்டை மட்டும் தொடுவதில்லை.

"அண்ணன் எப்படி இருக்கார் அக்கா?"

"ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்திருக்கு. மத்தபடி சௌக்கியம்."

இன்று காலை என் தொடையைத் தட்டிப் பார்த்தேன். ரெக்சின் சத்தம் கேட்டது.

நேராகக் காதர் பாய் பரோட்டாக் கடைக்குப் போனேன். அவருக்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் மாவு பிசைய, ஒருவர் வீச. தினமும் நாலு மணிக்கு வர வேண்டும், பத்து மணிக்குப் போகலாம் என்றார். நேரத்தை இவ்வளவு பச்சையாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. காது சூடாகிவிட்டது.

பாய் என் தோளைப் பார்த்தார்.

"துண்டு கிடக்கேப்பா."

"சும்மா பேருக்குத்தான் பாய்."

"அடுத்தவன் துண்டை நான் தொடமாட்டேன். போட்டவங்ககிட்ட சொல்லி எடுத்துட்டு வா. நாலு மணி வரைக்கும் பாப்பேன். அப்புறம் வேற ஆளு."

நானே எடுத்திருக்கலாமே என்பீர்கள். தன் மேல் கிடக்கும் துண்டை எந்த சீட்டாவது எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா?

நிறுவனத்துக்குப் போனேன். வராந்தா நடக்க நடக்க நீண்டது. வரவேற்பில் இருந்த நிருபமா, மேசையோடு பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தாள்.

"இது எங்க மேடம் முடியும்?"

"வராந்தாவும் உங்க ஒப்பந்தம்தான் சார். தேவைப்பட்டா முடியும்."

"என் துண்டை எடுக்கணும்."

"ஏன் சார்? முழு சுதந்திரம் குடுத்திருக்கோமே."

"வேற வேலைக்குப் போக முடியலையே."

"போகாம இருக்கறதுக்குத்தான் சார் சுதந்திரம்."

"சாயங்காலம் நாலு மணிக்கு..."

அவள் காதைப் பொத்திக்கொண்டாள். "இங்க மணியெல்லாம் சொல்லாதீங்க, ப்ளீஸ்."

வராந்தாவும் அதிர்ந்துபோய் அங்கேயே நின்றுவிட்டது. எதிரே ஒரு கதவு. 'தலைமை நெகிழ்வு அதிகாரி' என்று பலகை.

அதிகாரி கழுத்தில் பட்டை போட்டிருந்தார். எந்தப் பக்கமும் திரும்ப முடியாது.

"வாங்க, வாங்க! நீங்க நம்ம குடும்பத்துல ஒருத்தர். பேரு என்ன?"

"மாசிலாமணி. துண்டை எடுத்துடுங்க சார்."

"எடுத்துட்டா, தேவைப்படும்போது என்ன பண்றது?"

"எப்ப சார் தேவைப்படும்?"

"அது தேவைப்படும்போதுதான் தெரியும்."

இதை நின்றுகொண்டு விளக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. எழுந்து ஜன்னல் பக்கம் போனார். விடியல் என்றார். சிறகு என்றார். வானத்துக்கு ஏது வேலைநேரம் என்று கேட்டார்.

என் முழங்கால் மடங்கத் தொடங்கியது. முதுகுக்குள் ஸ்பிரிங் ஒன்று கிறீச்சிட்டது. எதிரே அவருடைய நாற்காலி காலியாக இருந்தது.

காலி சீட்டைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரன் கை சும்மா இருக்காது. தோளிலிருந்து துண்டை உருவி நாற்காலியில் போட்டேன். முழங்கால் நிமிர்ந்துகொண்டது.

அதிகாரி வானத்தை முடித்துவிட்டு வந்தார். உட்காரப் போனவர் பாதியில் நின்றார். அவரும் இந்த ஊர்தான்.

"யாரு இது?"

"ஆள் வராங்க சார்."

"எப்ப?"

"தேவைப்பட்டா."

துண்டின் சின்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தொடவில்லை. நிருபமா எட்டிப் பார்த்தாள்.

"சார், ஏன் நிக்கறீங்க?"

"ஆள் வராங்களாம்மா."

வெளியே வந்தேன். வராந்தா இரண்டே எட்டில் முடிந்தது.

போகிற வழியில் சாலமன் அண்ணன் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. கம்பிக்குள் கையை விட்டு அவர் மேல் கிடந்த துண்டை இழுத்தேன். வெயிலில் வெளுத்து, நீலமே போயிருந்தது. ரெக்சின் நீளமாக ஒரு மூச்சு விட்டது.

"எவன்டா அது?" என்றது சீட்டு.

"மாசிலாமணிண்ணே. பாய் கடையில பரோட்டா வீச ஆள் வேணுமாம்."

"கூப்பிடுவாங்களா?"

"கூப்பிட மாட்டாங்க. நாலு மணிக்கு நாமளே போகணும்."

சீட்டு எழுந்து செருப்பைத் தேடியது.